மூளையா? அதிர்ஷ்டமா? அப்பா வீட்டுப் பணமா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் படிவம் மூன்று மாணவர்களுக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். சிறிய காற்றாலை ஒன்றைச் செய்து, மின்விசிறியின் முன் வைத்து, அது எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது என்று அளந்து காட்ட வேண்டும்.

ஒரு மாணவன் கொண்டுவந்த காற்றாலையைப் பார்த்து வகுப்பே எழுந்து நின்றது. இறகுகள் மூன்றும் கடையில் வாங்கியவை போல வழவழப்பாக இருந்தன. அவனுடைய அப்பா பொறியாளர். முதல் மூன்று மாதிரிகள் சரியாகச் சுற்றவில்லையாம், நான்காவதைத்தான் கொண்டுவந்திருந்தான். இன்னொரு மாணவன் அட்டையாலும் ஐஸ்கிரீம் குச்சியாலும் செய்திருந்தான். பள்ளிப் பேருந்து நெரிசலில் அதன் இறகு ஒன்று மடங்கிவிட்டது. மின்னழுத்தமானி பூச்சியத்தை விட்டு அசையவில்லை.

முதல் மாணவனுக்கு ஆக அதிகப் புள்ளி கொடுத்தேன். இரண்டாவது மாணவனிடம், “இன்னும் கொஞ்சம் முயற்சி எடுத்திருக்கலாமே” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் தினமும் இரவு பத்து மணி வரை அம்மாவின் பாசார் மாலாம் கடையில் நிற்பவன் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அந்த மோட்டாரைத் தம்பியின் பழுதான பொம்மைக் காரிலிருந்து கழற்றியிருக்கிறான். அவனிடம் இருந்தது ஒரே மோட்டார், ஒரே இரவு.

ஓர் அறிவியல் ஆசிரியரான நான் அன்று எதை அளந்தேன்? திறமையையா, முயற்சியையா, அப்பாவின் கருவிப் பெட்டியையா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நம் நாட்டோடு தொடர்புள்ள ஓர் உண்மைக் கதை நினைவுக்கு வரும். அதைத்தான் இந்த வாரம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே எண்ணம், இரண்டு மனிதர்கள்

உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்பதற்கு இயற்கைத் தேர்வு என்ற விளக்கத்தைத் தந்தவர் யார்? கேட்ட உடனே நீங்கள் சார்ல்ஸ் டார்வின் என்பீர்கள். அது சரியான விடைதான். ஆனால் பாதி விடை. அதே எண்ணத்தைத் தனியாகக் கண்டுபிடித்த இன்னொருவர் இருக்கிறார். அவர் பெயர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் வண்டு பிடித்தவர், லேடாங் மலையில் ஏறியவர், சரவாக்கில் ஓராண்டுக்கு மேல் தங்கியவர்.

ஓர் ஆய்வில் இரண்டு பொருள்களை ஒப்பிட வேண்டுமானால், ஒரு மாறியைத் தவிர மற்றவற்றை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். மனித வாழ்க்கையில் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் டார்வின், வாலஸ் இருவரின் கதை அதற்குக் கொஞ்சம் அருகில் வருகிறது. இருவரும் ஆங்கிலேய ஆட்சிக் காலத்தவர்கள். இருவருக்கும் வண்டு சேர்ப்பதில் பைத்தியம். இருவரும் வெப்ப மண்டலக் காடுகளைப் பார்த்தவர்கள். மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதிய நூலை இருவரும் படித்தார்கள். இருவருக்கும் அதிலிருந்துதான் பொறி தட்டியது. பெரிய வேறுபாடு ஒன்றுதான்: பிறந்த வீடு.

டார்வினின் மூன்றாவது முயற்சி

டார்வின் 1809ஆம் ஆண்டு பிறந்தார். அப்பா வசதியான மருத்துவர். தாய்வழித் தாத்தா புகழ்பெற்ற வெட்ஜ்வுட் பீங்கான் தொழிற்சாலையை நிறுவியவர். அப்பா அவரை மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார். அறுவைச் சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் படிப்பைப் பாதியில் விட்டார் டார்வின். அது முதல் முயற்சி. பாதிரியார் ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். பட்டம் பெற்றார், பாதிரியார் ஆகவில்லை. அது இரண்டாவது.

மூன்றாவதாக வந்தது பீகிள் கப்பல். அந்த வாய்ப்பு முதலில் அவருக்கு வந்ததல்ல. அவருக்கு முன் வேறு இருவர் அதை வேண்டாம் என்றார்கள். அவரும் மறுத்திருப்பார், ஏனென்றால் அப்பா சம்மதிக்கவில்லை. தாய்மாமன் வந்து பேசிய பிறகே அப்பா இறங்கி வந்தார். கப்பல் தலைவர் பிட்ஸ்ராய்க்கோ டார்வினின் மூக்கின் வடிவம் பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட மூக்கு உள்ளவனுக்கு மன உறுதி இருக்காது என்று எண்ணினாராம். இதை டார்வினே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு மூக்கினால் உயிரியலின் வரலாறு மாறியிருக்கலாம்!

1831 டிசம்பரில் புறப்பட்ட கப்பல் 1836 அக்டோபரில்தான் திரும்பியது. அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஐந்து ஆண்டுச் செலவையும் அப்பா ஏற்றுக்கொண்டார். திரும்பி வந்த பிறகும் சம்பாதிக்க வேண்டும் என்ற கட்டாயம் டார்வினுக்கு வாழ்நாள் முழுவதும் ஏற்படவில்லை. குடும்பப் பணம் இருந்தது. கிராமத்து வீட்டில் அமர்ந்து யோசிக்கவும் எழுதவும் அவருக்குக் கால அவகாசம் கிடைத்தது.

அப்படியானால் டார்வின் பணத்தால் மட்டும் பெரிய ஆளானாரா? இல்லை. அந்த நேரத்தை அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு என்ற சிறிய கடல் உயிரியை மட்டும் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். புறா வளர்த்தார். விதைகளை உப்பு நீரில் ஊறவைத்து அவை கடலைக் கடந்து முளைக்குமா என்று சோதித்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் குதிரைப் பந்தயத்திலும் வேட்டையிலும் காலத்தைக் கழித்த நாடு அது.

வாலஸின் எரிந்த கப்பல்

வாலஸ் 1823இல் வேல்ஸில் பிறந்தார். குடும்பம் கையிலிருந்த பணத்தை இழந்து நொடித்துப்போனது. பதினான்கு வயது முடிவதற்குள் பள்ளிப்படிப்பு நின்றது. அண்ணனோடு சேர்ந்து நில அளவை வேலைக்குப் போனார். பல்கலைக்கழகப் படிக்கட்டில் அவர் மாணவராக ஏறியதே இல்லை. அவருடைய பல்கலைக்கழகம் ஊர் நூலகங்கள்தான். லெஸ்டர் நகர நூலகத்தில்தான் மால்தஸின் நூலைப் படித்தார். ஹென்றி பேட்ஸ் என்ற பூச்சி ஆர்வலர் நண்பரானதும் அந்த ஊரில்தான்.

1848இல் இருவரும் அமேசானுக்குப் புறப்பட்டார்கள். செலவுக்கு வழி? காட்டில் பிடிக்கும் பூச்சிகளையும் பறவைகளையும் லண்டனில் விற்பது. நான்கு ஆண்டு உழைத்த வாலஸ் 1852இல் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. கூடவே கொண்டுவந்த மாதிரிகளும் குறிப்பேடுகளும் ஏறக்குறைய எல்லாம் எரிந்தன. திறந்த படகில் பத்து நாள் தத்தளித்த பிறகு இன்னொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது.

டார்வினின் பெட்டிகள் கரை சேர்ந்தன. வாலஸின் பெட்டிகள் எரிந்தன. இதில் அறிவுக்கு எந்தப் பங்கும் இல்லை. சுத்தமான அதிர்ஷ்டம்.

வாலஸின் கதை ஏன் அங்கேயே முடியவில்லை? லண்டனில் இருந்த அவருடைய விற்பனை முகவர், வாலஸைக் கேட்காமலேயே அந்தச் சரக்குக்குக் காப்புறுதி எடுத்து வைத்திருந்தார். அந்தப் பணம் அவரைத் தாங்கியது. பிறகு அரச புவியியல் சங்கம் அவருக்குக் கிழக்கே செல்லக் கப்பல் சீட்டுக்கு ஏற்பாடு செய்தது. 1854 ஏப்ரலில் அவர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்.

அடுத்த எட்டு ஆண்டுகள் மலாயாத் தீவுக்கூட்டம் முழுவதும் அலைந்தார். சரவாக்கின் சிமுஞ்ஞானில் ஒரு பூச்சிக்கு ஒரு காசு என்று கொடுத்து உள்ளூர் மக்களிடம் வாங்கினார். அவர் சேர்த்த மாதிரிகளின் எண்ணிக்கை 125,660. அதில் 83,200 வண்டுகள், 8,050 பறவைகள். 1855இல் சரவாக்கின் சந்துபோங்கில் இருந்தபோது, ஒவ்வொரு புதிய இனமும் அதற்கு நெருங்கிய பழைய இனம் வாழ்ந்த இடத்தில், அதை ஒட்டிய காலத்தில்தான் தோன்றுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். விடைக்கு மிக அருகில் வந்துவிட்டார்.

1858இன் தொடக்கத்தில், மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தபோது மீதி விடையும் கிடைத்தது. பிறக்கும் உயிர்கள் எல்லாம் பிழைப்பதில்லை. சூழலுக்குப் பொருந்தும் மாற்றம் உடையவை பிழைத்துப் பெருகுகின்றன. இதைக் கட்டுரையாக எழுதி, தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கே அனுப்பினார்.

1858 ஜூலை 1

ஜூன் மாதம் அதைப் படித்த டார்வின் அதிர்ந்துபோனார். அதே எண்ணத்தை அவர் 1842இலும் 1844இலும் எழுதி வைத்திருந்தார், வெளியிடவில்லை. இப்போது என்ன செய்வது? அவருடைய நண்பர்கள் சார்ல்ஸ் லயல், ஜோசப் ஹூக்கர் இருவரும் அறிவியல் உலகில் பெரும் செல்வாக்கு உடையவர்கள். ஜூலை 1ஆம் நாள் லண்டன் லின்னேயன் சங்கக் கூட்டத்தில் இருவரின் எழுத்துகளும் சேர்த்து வாசிக்கப்பட ஏற்பாடு செய்தார்கள். முதலில் டார்வினுடையது, பிறகு வாலஸுடையது.

வாலஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அன்று அவர் நியூ கினித் தீவில் இருந்தார். டார்வினும் கூட்டத்துக்கு வரவில்லை. மூன்று நாள்களுக்கு முன்புதான் அவருடைய கைக்குழந்தை இறந்திருந்தது. பணம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது.

அடுத்த ஆண்டு நவம்பரில் டார்வின் எழுதிய “உயிரினங்களின் தோற்றம்” வெளிவந்தது. இருபது ஆண்டுச் சான்றுகள் அந்த நூலில் அடுக்கப்பட்டிருந்தன. உலகத்தை நம்பவைத்தது அந்த நூல்தான். இதை வாலஸே மனதார ஒப்புக்கொண்டார். பின்னாளில் தாம் எழுதிய நூல் ஒன்றுக்கு “டார்வினியம்” என்றே பெயர் வைத்தார். வாலஸ் பணமுடையில் சிக்கியபோது, 1881இல் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்ட் அரசு உதவித்தொகை கிடைக்கப் பாடுபட்டவர்களில் முன்னின்றவர் டார்வின்.

ஆகவே இதில் வில்லன் யாரும் இல்லை. திறமை இருவருக்கும் இருந்தது. உழைப்பும் இருந்தது. ஆனால் ஒருவருடைய தோல்விகளுக்கு வீட்டில் மெத்தை விரித்திருந்தது. மற்றவர் வெறும் தரையில் விழுந்தார்.

கால்டன் செய்த தவறு

டார்வினின் உறவினர் ஒருவர் இதே கேள்வியை ஆராய்ந்தார். அவர் பிரான்சிஸ் கால்டன். 1869இல் வெளிவந்த அவருடைய நூல், மேதைமை பரம்பரையாக வருகிறது என்று வாதிட்டது. புகழ்பெற்ற மனிதர்களைப் பட்டியல் போட்டார். அவர்களுடைய அப்பா, மகன், அண்ணன் தம்பிகளிலும் புகழ்பெற்றவர்கள் அதிகமாக இருப்பதைக் கண்டார். இரத்தத்தில் வருகிறது என்று முடிவு கட்டினார்.

எங்கே பிழை? செயல்திட்ட அறிக்கையைத் திருத்துவது போல நீங்களே பாருங்கள். நீதிபதியின் மகன் அப்பாவிடமிருந்து மரபணுவை மட்டுமா பெறுகிறான்? வீடு, நூலகம், நல்ல பள்ளி, அப்பாவின் நண்பர்கள் எல்லாம் சேர்ந்துதான் வருகின்றன. இரண்டு மாறிகள் ஒரே நேரத்தில் மாறினால், விளைவுக்கு எது காரணம் என்று சொல்ல முடியாது. மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பதை இன்றைய அறிவியலும் மறுக்கவில்லை. ஆனால் கால்டனின் பட்டியல் அதை நிரூபிக்கவில்லை. அவரே தந்தையின் சொத்தில் வாழ்ந்தவர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நாணயம் சொல்லும் கணக்கு

இப்போது ஒரு சிறிய கணக்கு. வகுப்பில் 32 பேர் எழுந்து நிற்கிறார்கள். எல்லாரும் 20 சென் நாணயத்தைச் சுண்டுகிறார்கள். பூ விழுந்தவர்கள் நிற்கலாம், மற்றவர்கள் உட்கார வேண்டும். 32 பேர் 16 ஆவார்கள். பிறகு 8, 4, 2. ஐந்தாவது சுற்றின் முடிவில் சராசரியாக ஒருவர் நின்றுகொண்டிருப்பார். ஐந்து முறை தொடர்ந்து பூ! அவரிடம் போய், “உங்கள் வெற்றியின் இரகசியம் என்ன?” என்று கேட்டால் ஏதாவது சொல்லக்கூடும். ஆனால் அதில் ஒன்றும் இல்லை. நிறையப் பேர் சுண்டினால் யாராவது ஒருவர் கடைசி வரை நிற்கத்தான் செய்வார்.

வாழ்க்கை வெறும் நாணயம் அல்ல. திறமைக்கு இடம் உண்டு. 2006இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. யாருக்கும் தெரியாத 48 பாடல்களை இணையத்தில் 14,000க்கும் அதிகமானவர்கள் கேட்டார்கள். ஒரு பகுதியினர் பிறர் எதைப் பதிவிறக்கினார்கள் என்று பார்க்காமல் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்களை எட்டு குழுக்களாகப் பிரித்து, தத்தம் குழுவினர் எதை விரும்புகிறார்கள் என்பதைக் காட்டினார்கள். மிக நல்ல பாடல்கள் எந்தக் குழுவிலும் அடியோடு தோற்பது அரிது. மிக மோசமானவை முன்னுக்கு வருவதும் அரிது. ஆனால் நடுவில் இருந்தவற்றின் இடம் குழுவுக்குக் குழு மாறியது. ஒரே பாடல் ஒரு குழுவில் முதலிடம், இன்னொன்றில் நாற்பதாவது இடம். தொடக்கத்தில் தற்செயலாகக் கிடைத்த சில வாக்குகளே மேலும் வாக்குகளை இழுத்துவந்தன.

இன்னொரு கணக்கு. ஒரு முயற்சி வெற்றி பெற 10 விழுக்காடு வாய்ப்புதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே முறை முயல்பவர் தோற்கும் வாய்ப்பு 0.9. ஏழு முறை முயன்றால் ஏழு முறையும் தோற்கும் வாய்ப்பு 0.9ஐ ஏழு தடவை பெருக்கினால் வருவது, சுமார் 0.48. அதாவது, ஒரு முறையாவது வெல்லும் வாய்ப்பு பாதிக்கு மேல்! திறமை கொஞ்சமும் கூடவில்லை. முயற்சியின் எண்ணிக்கை மட்டுமே கூடியது.

குடும்ப வசதி செய்யும் வேலை இதுதான். அது யாருக்கும் மூளையை வாங்கித் தருவதில்லை. இன்னொரு முயற்சியை வாங்கித் தருகிறது. டார்வினுக்கு மூன்றாவது முயற்சி வீட்டிலிருந்து வந்தது. வாலஸுக்கு இரண்டாவது முயற்சி நூலகம், காப்புறுதி, சங்கத்தின் கப்பல் சீட்டு என்று வீட்டுக்கு வெளியே இருந்து வந்தது. வீடு தராததை ஊர் தர முடியும்.

அலி என்ற இளைஞன்

எந்த உதவியும் எட்டாதவர்களின் கதையும் இதில் உண்டு. சரவாக்கில் வாலஸ் அலி என்ற மலாய் இளைஞனை வேலைக்கு வைத்தார். சமையலுக்கு வந்தவன் பறவைகளைச் சுடவும், தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுத் தேர்ந்தான். 1858 அக்டோபரில் பாச்சான் தீவில், யாரும் வகைப்படுத்தியிராத ஒரு சொர்க்கப் பறவையை வேட்டையாடிக் கொண்டுவந்து காட்டியவன் அலிதான். மார்பில் பச்சை ஒளிர, தோளிலிருந்து வெள்ளை இறகுகள் நீண்டிருந்த அந்தப் பறவைக்கு அறிவியல் உலகம் சூட்டிய பெயர் செமியோப்டெரா வாலசியை. வாலஸின் பெயர்.

வாலஸ் நன்றி மறக்கவில்லை. 1862இல் பிரியும்போது பணமும் தம் இரண்டு துப்பாக்கிகளும் கொடுத்தார். சிங்கப்பூரில் அலியைப் படம் எடுக்க வைத்தார். தம் நூல்களில் அவனைப் பாராட்டி எழுதினார். அதனால்தான் நமக்கு அலியைத் தெரிகிறது. ஆனால் ஒரு காசுக்கு ஒரு பூச்சி கொண்டுவந்து கொடுத்த மற்றவர்களின் பெயர்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு வாலஸின் கூர்மையான கண் இருந்தது என்பதை நாம் அறிய வழியே இல்லை.

சரி, நாம் என்ன செய்வது?

“எல்லாம் அதிர்ஷ்டம் என்றால் எதற்கு டீச்சர் படிக்க வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். காய்ச்சலில் கிடந்த வாலஸுக்கு விடை ஏன் கிடைத்தது? காய்ச்சல் வந்தவர்கள் எல்லாரும் இயற்கைத் தேர்வைக் கண்டுபிடிக்கவில்லையே. பல ஆண்டுகள் வண்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய தலைக்குள் அந்தக் காய்ச்சல் வந்தது. உழைப்பு வெற்றியை உறுதி செய்யாது. ஆனால் உழைப்பு இல்லாதவரின் கையில் அதிர்ஷ்டம் வந்து விழுந்தாலும் அவருக்கு அது என்னவென்று தெரியாது.

சோதனை முடிவு வரும் நாளில் இதை நினைத்துப் பாருங்கள். நிறைய ஏ வாங்கியவர்கள், உங்கள் உழைப்புக்குப் பெருமைப்படுங்கள். துணை வகுப்புக் கட்டணத்தைக் கட்டியவர் யார் என்பதையும் மறக்காதீர்கள். குறைவாக வாங்கியவர்கள், அந்தத் தாள் உங்கள் மூளையின் எடை அல்ல என்பதை அறியுங்கள். ஒரு முயற்சியின் முடிவு அது. அடுத்த முயற்சிக்கு எங்கே உதவி கிடைக்கும் என்று தேடுங்கள். நூலகம், உபகாரச் சம்பளம், ஆசிரியர் என எதையும் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

நானும் மாறினேன். இப்போது காற்றாலைச் செயல்திட்டம் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே நடக்கிறது. அலமாரியில் ஒரு பெட்டி நிறைய மோட்டார்கள், கம்பிகள், அட்டைகள் இருக்கின்றன. உடைந்தால் மீண்டும் செய்யலாம். எத்தனை முறை செய்தார்கள், ஒவ்வொரு முறையும் எதை மாற்றினார்கள் என்பதற்கும் புள்ளி உண்டு.

அந்த மாணவனைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று நான் சொன்னது தவறு என்றேன். அவன் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான்.

“பரவால்ல டீச்சர். எறகு ஏன் மடங்குச்சின்னு கண்டுபிடிச்சிட்டேன். அட்டைக்குள்ள இருக்கற வரி குறுக்கால போற மாதிரி வெட்டிட்டேன். நெடுக்கா வெட்டியிருந்தா மடங்கியிருக்காது.”

பெட்டியைத் திறந்து ஒரு மோட்டாரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். மறுநாள் மின்னழுத்தமானியின் முள் அசைந்தது.